எண்ணாமல் விட்டால் இல்லாமல் போகுமா?

பள்ளிக்கூடத்தில் சாதியைக் கேட்பதை நிறுத்தினால் சாதி தானே பட்டுப்போய்விடும் என்ற கருத்து தமிழ்நாட்டில் கட்சி வேறுபாடின்றிப் பலராலும் ஏற்கப்பட்டிருக்கிறது. அதைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் சாதியை உளமார வெறுப்பவர்கள் என்பதால், அதன் முழு வலிமையையும் எடுத்துரைத்த பின்பே அதை மறுக்க வேண்டும். ஐந்து வயதுக் குழந்தை தன் சாதியின் பெயரை அரசு முத்திரையோடு முதலில் சந்திப்பது சேர்க்கைப் படிவத்தில்தான் என்றும், அந்தக் கட்டமே வகுப்பறையில் வேலியாக முளைக்கிறது என்றும் அவர்கள் வாதிடுகின்றனர். உதவி தேவைப்படுவோரை அடையாளம் காண ஏழ்மை ஒன்றே போதும் என்பது அவர்களது அடுத்த வாதம். மாநிலத்தின் உயர்கல்விச் சேர்க்கை வீதம் 47 விழுக்காட்டை எட்டிய பின் பிரித்துப் பிரித்துக் கணக்கெடுப்பது பழைய பழக்கத்தின் மிச்சம் என்பதும், ஆசிரியர்கள் கைப்பேசியில் ஏற்றும் தரவுகள் எப்படியும் நம்பத்தக்கவை அல்ல என்பதும் அவற்றோடு சேர்கின்றன.

இக்கருத்துக்கு அரசாணைகளின் ஆதரவும் உண்டு. பெற்றோர் விரும்பினால் சாதி, மதக் கட்டங்களை வெற்றிடமாக விடலாம் என்று 1973-ஆம் ஆண்டிலேயே ஆணை பிறந்துவிட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் உடன் படித்தவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அதன் பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இடம்பெறக் கூடாது என்றும் பள்ளிகளின் பெயர்களிலிருந்து சாதி அடையாளம் நீக்கப்பட வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரைகள் சரியானவை. அவற்றிலிருந்து பொதுப்புத்தி பெற்றுக்கொண்ட முடிவுதான் தவறானது. வகுப்பறையில் ஒரு பிள்ளையின் சாதி வெளிப்படக் கூடாது என்ற நியாயமான விதி, எந்தச் சமூகத்துப் பிள்ளைகள் எங்கே பின்தங்குகிறார்கள் என்று எவரும் கணக்கிடக் கூடாது என்ற விபரீத விதியாக நீட்டப்படுகிறது.

1. ஒரு பிள்ளையின் அடையாளத்தை மறைப்பதும் ஒரு சமூகத்தின் கணக்கை மறைப்பதும் எப்படி ஒன்றாகும்? கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் பொருளியலாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறு, ஏழாம் வகுப்பு மாணவர்களுக்குத் தாளில் வரைந்த புதிர்வழிகளைக் கொடுத்து நடத்திய சோதனை இங்கே முதன்மையானது. யாருடைய சாதியும் சொல்லப்படாதபோது மேல்சாதி, கீழ்சாதி எனப்பட்ட பிள்ளைகளின் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒவ்வொருவரின் பெயரோடு சாதியும் எல்லார் முன்னிலையிலும் உரக்க வாசிக்கப்பட்டபோது ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை சரிந்தது. சாதியைக் கேட்கவே கூடாது என்போர் இச்சோதனையைத் தம் பக்கத்துச் சான்றாகக் காட்டக்கூடும். ஆனால் சரிவை உண்டாக்கியது வகுப்பறையின் அறிவிப்பு. அதை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தது, ஆய்வாளரின் ஏட்டில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரே இருந்த சாதிக் கட்டம். அந்தக் கட்டம் இல்லாமற்போயிருந்தால் அறிவிப்பின் கொடுமையும் தெரிந்திருக்காது.

தமிழ்நாட்டின் நடைமுறை இச்சோதனை தரும் பாடத்துக்கு நேர் தலைகீழாக இருக்கிறது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டியவர்கள் எழுந்து நிற்கும்படி வகுப்பில் சொல்லப்படும்போது அடையாளம் அம்பலமாகிறது. கையில் கட்டும் கயிற்றின் நிறம் சாதியைச் சொல்கிறது என்று பள்ளிக் கல்வித் துறையே 2019-இல் சுற்றறிக்கை விட வேண்டியிருந்தது. மறுபுறம், ஒவ்வொரு மாணவரின் சமூகப் பிரிவும் எமிஸ் எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில் ஏற்கெனவே பதிவாகியிருந்தும், அதிலிருந்து பிறக்க வேண்டிய கூட்டுக் கணக்கு மக்கள் பார்வைக்கு வருவதில்லை. மே மாதம் பொதுத்தேர்வு முடிவுகளோடு வெளியாகும் பகுப்பாய்வில் மாவட்டம், பாலினம், பள்ளி வகை, பாடவாரியாக முழு மதிப்பெண் பெற்றோர், மாற்றுத்திறனாளிகள், சிறைவாசிகள் என எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் தேர்ச்சி வீதமும் பள்ளி வகைகளுள் ஒன்றாகக் கிடைக்கிறது. ஏனைய அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் படிக்கும் பட்டியல் சாதிப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதற்கு அதில் ஒரு வரி கிடையாது. மறைக்க வேண்டியது திறந்து கிடக்கிறது, திறக்க வேண்டியது பூட்டிக் கிடக்கிறது.

2. எழுதாவிட்டால் யாருக்கும் தெரியாது என்பது காவிரிப் படுகையின் ஊர்களைப் பார்த்திராதவர்களின் நம்பிக்கை. சமூகவியலாளர் ஆந்திரே பெத்தேய் 1961-62-இல் தங்கி ஆராய்ந்து ஸ்ரீபுரம் என்னும் புனைபெயரால் அழைத்த தஞ்சாவூர்க் கிராமமும், அதற்குப் பத்தாண்டு முன் மானிடவியலாளர் காத்லீன் கஃப் ஆராய்ந்து கும்பபேட்டை எனப் பெயரிட்ட கிராமமும் அக்ரகாரம், குடியானவர் தெரு, சேரி என மூன்றாகப் பிரிந்து கிடந்ததை அவ்விருவரும் விரிவாகப் பதிந்திருக்கின்றனர். நிலவுடைமை பெருமளவு கைமாறிவிட்டது, அக்ரகாரத்து வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. ஆயினும் எந்தத் தெருவிலிருந்து வருகிறாய் என்ற ஒற்றைக் கேள்வி இன்றும் படிவத்தின் வேலையைச் செய்துவிடுகிறது. வகுப்பாசிரியருக்குத் தெரியும், சத்துணவுக்கூடத்தில் பரிமாறுபவருக்குத் தெரியும், உடன் அமரும் பிள்ளைக்கும் தெரியும். கட்டத்தை அழித்துவிட்டால் அறியாமற்போவது சென்னையில் அமர்ந்து நிதி ஒதுக்கும் அலுவலர் மட்டுமே.

பெயர்களை அழித்துப் பார்த்த அனுபவம் இம்மாநிலத்துக்குப் புதிதல்ல. தென்மாவட்ட மோதல்களையடுத்து 1997-இல் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. அந்த அலையில், கும்பகோணம் போக்குவரத்துக் கழகத்தின் பெயரில் இருந்த, ஒரு பாவமும் அறியாத சோழனும் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். அடுத்த கால் நூற்றாண்டில் மோதல் தெருவிலிருந்து பள்ளி வளாகத்துக்குள் நுழைந்ததை நாங்குநேரி காட்டியது.

கணக்கே எடுக்காத நாடு எப்படி இருக்கும் என்பதற்குப் பிரான்ஸ் கண்முன்னே நிற்கிறது. இன, வம்சாவளி விவரங்களைத் திரட்டுவதை அந்நாட்டுச் சட்டம் பெரும்பாலும் தடுக்கிறது, குடிமக்கள் அனைவரும் நிகர் என்ற உயர்ந்த கொள்கையின் பெயரால். புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் சில பள்ளிகளில் மட்டும் ஒதுக்கி அடைக்கப்படுகிறார்களா என்று அறிய விரும்பிய சமூகவியலாளர் ஜார்ஜ் ஃபெலூசிஸ் குழுவினர், போர்தோ வட்டாரத்து மாணவர்களின் முதற்பெயர்களைக் கொண்டு அவர்கள் எந்த மரபினர் என்று ஊகிக்க வேண்டியிருந்தது. ஒதுக்கல் இருந்தது, அதுவும் கடுமையாக. சட்டம் அதைத் தடுக்கவில்லை, ஆய்வைத்தான் கடினமாக்கியது.

3. சராசரி எதைச் சொல்கிறது என்பதைவிட எதை விழுங்குகிறது என்பதே கேள்வி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 80 விழுக்காடு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய மூன்று மாவட்டங்களும் 82-க்கும் 84-க்கும் இடையில் நின்றன. இவ்வளவோடு நிறுத்தினால் டெல்டா மாநிலத்தை முந்திய வட்டாரம். ஆனால் அதே கணக்கெடுப்பில் மாநிலப் பட்டியல் சாதியினரின் எழுத்தறிவு 73 விழுக்காட்டையே ஒட்டியிருந்தது. மாநில மக்கள்தொகையில் அவர்களின் பங்கு 20 விழுக்காடு என்றால், திருவாரூரில் 34, நாகப்பட்டினத்தில் 31-க்கு மேல், தஞ்சாவூரில் 19-ஐ ஒட்டி. மூவரில் ஒருவர் ஒரே ஒடுக்கப்பட்ட பிரிவைச் சேர்ந்தவராக இருக்கும் மாவட்டத்தில், மொத்தத்தின் சராசரி அந்த மூன்றில் ஒரு பங்கைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்காமல் நிறைவு கொள்ள முடியாது.

கணக்காகவே பார்க்கலாம். ஒரு கற்பனை ஒன்றியத்தின் உயர்நிலை வகுப்புகளில் 900 மாணவர்கள், அவர்களில் 300 பேர் பட்டியல் சாதியினர் என்று கொள்க. ஓராண்டில் 54 பேர் படிப்பை விட்டால் இடைநிற்றல் 6 விழுக்காடு. இடைநிற்றல் என்பது ஓராண்டு ஒரு வகுப்பில் இருந்தவர் அடுத்த ஆண்டு எந்தப் பள்ளியிலும் இல்லாதிருத்தல். விட்டவர்களில் 18 பேர் பட்டியல் சாதியினராக இருந்தால் இரு தரப்பிலும் வீதம் அதே 6. ஒன்றியத்தில் சமநிலை நிலவுகிறது. இதே அளவுள்ள இன்னோர் ஒன்றியத்தில் 42 பேர் என்றால் அவர்களிடையே வீதம் 14, ஏனையோரிடையே வெறும் 2. இரண்டு ஒன்றியங்களும் மாவட்ட அறிக்கையில் 6 விழுக்காடு என்றே எழுதப்படும், இரண்டுக்கும் ஒரே பாராட்டு கிடைக்கும். மேட்டூரில் திறக்கப்பட்ட நீரின் அளவை மட்டும் சொல்லிவிட்டுக் கடைமடைக்குத் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று நீர்வளத் துறை அறிவித்தால் எந்த டெல்டா விவசாயியும் அதை நம்பமாட்டார். பள்ளிக் கல்வியில் மட்டும் அத்தகைய அறிவிப்பு ஆண்டுதோறும் நம்பப்படுகிறது. புள்ளியியலார் பிரித்தாய்தல் என்று குறிப்பிடுவது, தொகையைச் சமூகம், பாலினம், ஊர் எனக் கூறுபோட்டுப் பார்க்கும் இந்த எளிய செயலைத்தான்.

கூறுபோடுவதிலும் எந்த இடத்தில் நிறுத்துவது என்ற சிக்கல் உண்டு. நரிக்குறவர்கள் நெடுங்காலம் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற பெரிய தொகுப்புக்குள் வைக்கப்பட்டிருந்தனர். பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் சட்டம் 2023 தொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. பல பெரிய சாதிகளோடு ஒரே தொகுப்பில் கிடக்கும் சில ஆயிரம் பேரின் பிள்ளைகள் ஒருவர்கூடப் பத்தாம் வகுப்பை எட்டாவிட்டாலும் அத்தொகுப்பின் வீதம் அசையாது. டெல்டாவில் அவர்களுக்கு அடுத்து நிற்பவர்கள் பூம்பூம் மாட்டுக்காரர்கள் என்று ஊரார் அழைக்கும் ஆதியன் சமூகத்தினர். சாதிச் சான்றிதழ் பெறுவதே அவர்களுக்குப் பெரும்பாடு. சான்றிதழ் இல்லாத பிள்ளை தரவிலும் தன் பிரிவில் இடம்பெறாது. ஆகவே கட்டத்தை வெற்றாக விடும் உரிமை, சான்றிதழ் இருந்தும் வேண்டாம் என்பவருக்கு ஒரு பொருளும், கேட்டும் கிடைக்காதவருக்கு வேறொரு பொருளும் தருகிறது.

4. ஏழ்மையே போதும் என்ற வாதம் தன்னைத்தானே தோற்கடித்துக்கொள்கிறது. பின்தங்கலுக்குக் காரணம் வருமானம் மட்டுமே, சாதி அல்ல என்பது உண்மை நிலையைப் பற்றிய ஒரு கூற்று. அது மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். சரிபார்க்க வேண்டுமென்றால் ஒரே வருமானமுள்ள இரு சமூகங்களின் பிள்ளைகளை அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். அதற்கு வருமானக் கட்டமும் தேவை, சாதிக் கட்டமும் தேவை. இரண்டாவதை அழித்துவிட்டு முதலாவதே போதும் என்பவர், தம் கூற்றைச் சோதிக்கும் வழியையும் சேர்த்தே அழித்துவிடுகிறார்.

ரேமா ஹன்னா, லீ லிண்டன் ஆகியோர் இந்தியாவில் நடத்திய ஆய்வில் விடைத்தாள்களின் முகப்பில் மாணவர் விவரங்கள் குலுக்கல் முறையில் மாற்றி ஒட்டப்பட்டு ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுக்கப்பட்டன. தாழ்ந்த சாதி என்று குறிக்கப்பட்ட தாள்களுக்குச் சற்றே குறைவான மதிப்பெண் விழுந்தது. அந்த வேறுபாடு சிறிது. ஆனால் தாளை எழுதியவரின் உண்மையான வறுமையோ திறமையோ அதை விளக்க முடியாது.

டெல்டாவின் வரலாறும் இவ்வாதத்துக்கு இடம் தரவில்லை. 1952-இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரவேண்டியிருந்தது, இங்கே நிலமற்ற கூலியுழைப்பு பெரும்பாலும் இரண்டு, மூன்று சாதிகளின் தலையெழுத்தாக எழுதப்பட்டிருந்ததால்தான். அடுத்த ஆண்டே ராஜாஜி அரசு கொண்டுவந்த, பாதிநாள் பள்ளி, பாதிநாள் குடும்பத் தொழில் என்ற தொடக்கக் கல்வித் திட்டத்தின் பொருள் பண்ணையாளின் மகனுக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. 1954-இல் அது கைவிடப்பட்டது. கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் முடிவில் 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டனர். கூலிக்கும் சாதிக்கும் இடையே இவ்வளவு இறுகிய முடிச்சு விழுந்த மண்ணில் ஒன்றை அளந்து மற்றொன்றை விட்டுவிடலாம் என்பது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது.

இப்படி அளக்காமல் விடுவதன் விளைவு இன்றைய நிகழ்வுகளிலும் தெரியும். மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. அதன் வாசல் பிளஸ் ஒன் சேர்க்கையிலேயே திறக்கிறது அல்லது மூடுகிறது. உயிரியல் உள்ள பாடப்பிரிவில் இடம் கிடைக்காத பிள்ளைக்கு, அல்லது அப்பிரிவே இல்லாத பள்ளியை மட்டும் அருகில் கொண்ட பிள்ளைக்கு அந்த 7.5-இல் பங்கு இல்லை. ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் ஃபர்ஸ்ட் குரூப்பில் யார், தொழிற்கல்விப் பிரிவில் யார் என்று சமூகவாரியாகவும், பத்தாம் வகுப்பு மதிப்பெண் ஒத்திருப்போரிடையேயும் பார்த்தால், பிரிவு ஒதுக்கீடு மதிப்பெண்ணால் நடக்கிறதா அல்லது உனக்கு இது வராது என்ற ஆசிரியரின் எதிர்பார்ப்பால் நடக்கிறதா என்பது ஒரு பிற்பகலில் புலப்பட்டுவிடும். விவரங்கள் அனைத்தும் எமிஸில் இருக்கின்றன.

5. கணக்கெடுப்பு பிளவை உண்டாக்கும் என்போர், இம்மாநிலத்தின் சமூகநீதி எதன்மேல் கட்டப்பட்டது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1892 முதல் 1904 வரை மாகாண சிவில் சர்வீஸ் போட்டித் தேர்வில் வென்ற 16 பேரில் 15 பேர் ஒரே சாதியினர் என்ற புள்ளிவிவரம் இல்லாமல் 1916-இல் பிட்டி தியாகராயர் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கை இல்லை. பிற்படுத்தப்பட்டோருக்கான அம்பாசங்கர் ஆணையம் 1980-களில் வீடுவீடாகக் கணக்கெடுத்தது. நீட் தேர்வால் கிராமப்புற, தமிழ்வழி, அரசுப் பள்ளி மாணவர் எவ்வாறு பின்தள்ளப்பட்டனர் என்று 2021-இல் நீதிபதி ஏ.கே. ராஜன் குழு காட்டியதும் பிரித்தாய்ந்த தரவுகளால்தான். வன்னியர்க்கான 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றபோது சொன்ன முக்கியக் காரணங்களுள் ஒன்று, அண்மைக்காலத் தரவு இல்லை என்பது. தில்லியிடம் உரிமை கேட்கும்போது தரவைத் தூக்கிப் பிடிப்பதும், அதே அளவுகோல் தன் பள்ளிகளை நோக்கித் திரும்பும்போது குழந்தைகளைப் பிரிக்காதீர்கள் என்பதும் நேர்மையான நிலைப்பாடு ஆகாது.

6. பதிவுகள் பொய் என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு, அதனால்தான் அது வலுவான குற்றச்சாட்டு. 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வுக்கு 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் தேர்ச்சி தரப்பட்டு, பின்னர் பள்ளிப் பக்கமே வராதிருந்தும் பெயர்கள் மட்டும் ஏட்டில் நகர்ந்துகொண்டிருந்த மாணவர்கள் அவர்களில் பலர். ஒரு பள்ளியை விட்ட மாணவரின் பெயர், இன்னொரு பள்ளி சேர்த்துக்கொள்ளும் வரை எமிஸின் பொதுத் தொகுப்பில் காத்திருக்க வேண்டும் என்பது விதி. விடுவிக்காமலே வைத்திருந்தால் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை குறையாது, ஆசிரியர் பணியிடமும் குறையாது. பொய்ப் பதிவுக்கு இவ்வாறு ஒரு பயன் இருக்கும் வரை பொய்யும் இருக்கும்.

ஆயினும் இது தரவைக் கைவிடுவதற்கான காரணம் ஆகாது. அந்த 50 ஆயிரம் பேர் தெரியவந்ததே பெயர்ப்பட்டியலையும் தேர்வு வருகையையும் ஒப்பிட்டதால்தான். ஒப்பீட்டை மார்ச் வரை தள்ளிப்போடாமல் மாதந்தோறும் செய்திருந்தால் சம்பா அறுவடைக் காலமான தை, மாசியில், பொதுத்தேர்வுக்குச் சற்று முன்னர், எந்த ஊர்களில் எந்தப் பிள்ளைகள் தொடர்ந்து வரவில்லை என்பது அப்போதே தெரிந்திருக்கும். அறுவடை இயந்திரம் வயலுக்கு வந்த பிறகு, பிள்ளைகள் அறுவடை வேலைக்குப் போகிறார்கள் என்ற பழைய விளக்கம் இன்னும் பொருந்துகிறதா, அல்லது அவர்கள் திருப்பூருக்குப் பேருந்து ஏறுகிறார்களா என்பதற்கும் வருகைப் பதிவே விடை தரும். ஆசிரியருக்கு இதனால் புதிய சுமை எதுவும் இல்லை. நிரப்ப வேண்டிய கட்டங்கள் நிரம்பியே இருக்கின்றன. சுமையாவது நிரப்பியதிலிருந்து ஆசிரியர்க்கோ ஊருக்கோ ஒரு தாளும் திரும்பி வராதது.

7. தனியுரிமை பற்றிய அச்சம் மட்டும் மறுக்கத்தக்கதல்ல. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளின் தரவுக்குத் தனி வரம்புகள் வைத்திருக்கிறது. அரசுத் துறைகளுக்கு அது தரும் விலக்குகள் அகலமானவை என்பதால் பள்ளிக் கல்வித் துறை தானே கூடுதல் வேலி இட்டுக்கொள்ள வேண்டும். மாணவரின் சமூகப் பிரிவு வகுப்பாசிரியரின் திரையில் தெரியத் தேவையில்லை, உதவித்தொகை விண்ணப்பம் பெற்றோர் வழியாகவே செல்லலாம், ஒரு பள்ளியில் ஒரு பிரிவினர் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் அப்பள்ளியின் அட்டவணையில் அந்த எண்ணை மறைத்து ஒன்றிய அளவில் மட்டும் காட்டலாம். இவை புள்ளியியல் துறைகள் பலகாலமாகக் கையாளும் எளிய விதிகள். இவ்வேலிக்குள் நின்று, இடைநிற்றல், வருகை, பாடப்பிரிவு, தேர்ச்சி ஆகிய நான்கையும் சமூகவாரியாகப் பிரித்த ஒரு பக்க அட்டவணை கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் ஆண்டுக்கொருமுறை வைக்கப்பட்டால், சேரித் தெருவின் பெற்றோர் முதன்முறையாகத் தம் பள்ளியைப் பற்றி எண்களோடு கேள்வி கேட்க முடியும். குழுவில் ஆதிக்க சாதியினரே நிறைந்திருக்கும் ஊர்களில் அந்த அட்டவணை மேசையிலேயே கிடக்கும் என்பதும் உண்மைதான். அதனால்தான் அது மாவட்ட இணையதளத்திலும் இருக்க வேண்டும்.

இறுதியாக, அண்மையில் வந்த பெயர் மாற்றங்கள் இக்கேள்வியை அவசரமாக்குகின்றன. அரசு மாணவர் விடுதிகள் 2025-இல் சமூகநீதி விடுதிகள் ஆயின. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கும் அறிவிப்பு 2023 வரவுசெலவுத் திட்டத்திலேயே வந்துவிட்டது. பலகையில் இழிவு நீங்குவது நல்லதே. ஆனால் பழைய பலகை ஒரு கணக்கையும் தாங்கியிருந்தது: இந்த விடுதி யாருக்காக, இந்தச் செலவு யார் பெயரில் என்பது அதில் எழுதியிருந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப நிதி ஒதுக்கப்பட்டு அவர்களுக்கே செலவாக வேண்டும் என்பதற்காக 2024-இல் தமிழ்நாடு ஒரு தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. பெயர் பொதுவாகிவிட்ட விடுதியில் யார் தங்குகிறார்கள், எத்தனை பேர் பாதியில் வெளியேறுகிறார்கள், பள்ளி இணைப்புக்குப் பின் அதே பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்ற கணக்கு ஆண்டுதோறும் வெளிவராவிட்டால், அச்சட்டத்தின்படி ஒதுக்கிய பணம் யாரைச் சென்றடைந்தது என்று சட்டமன்றத்தில் எழும் கேள்விக்கு எந்த அமைச்சரின் கோப்பிலும் விடை இருக்காது.